வெறுமையாக விட்ட வருடம்

தலைமன்னாரிலிருந்து வந்த பஸ்ஸில் என் முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்: "அக்கா, நேற்று நான் ஒரு வருசத்துப் பறவையள் முழுக்கக் கொல்லப் பார்த்தனான்."

"என்ன பிள்ளை கதை இது?"

"வருசா வருசம் பறவையளை எண்ணி எழுதின பழைய குறிப்புகளைக் கம்பியூட்டரில ஏத்துறம் எல்லோ. சண்டை நடந்த ஒரு வருசத்துக்குக் குறிப்பே இல்லை. நான் எல்லாத்துக்கும் பூச்சியம் போட்டிட்டன்."

"பூச்சியம் எண்டால் பறவை வரவேயில்லை எண்டெல்லோ ஆகும்!"

"ஓம், அதுதான் பிறகு அழிச்சுப்போட்டு வெறுமையா விட்டிட்டன்."

மூத்தவள் யன்னல் வழியே கடலைக் காட்டினாள்.

"அந்த வருசமும் வந்ததுகள். கீரிக் கடற்கரையில நாங்கள் இந்தியாவுக்கு வள்ளம் ஏறேக்கை தலைக்கு மேலால பூநாரைக் கூட்டம் போனது."

"அப்ப அதை எழுதுவம் அக்கா. எத்தினை இருக்கும்?"

"தெரியாது பிள்ளை. நான் அப்ப என்ர பிள்ளையளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தனான்."