கடைசிப் போட்டிக்கான ரவைகள்

கைத்துப்பாக்கிகளுக்குத் தடை வரப்போகிற வருடம். லண்டனில், ஸ்ட்ரெதம் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு யாழ்ப்பாணத் தம்பதி இருந்தார்கள்; துப்பாக்கிக் குண்டு அவர்கள் பேச்சில் துவக்கு ரவை.

“துவக்கு ரவையைச் சனம் அள்ளுதாம். கடைக்காரன் இனி ஆளுக்கு ஒரு பெட்டிதான் குடுப்பானாம்,” என்றார் மனைவி. “உங்களிட்டயும் லைசென்ஸ் இருக்குத்தானே, நீங்களும் வந்தால் ரெண்டு பெட்டி கிடைக்கும்.”

“எல்லாத்தையும் பறிக்கப்போறாங்கள். பிறகு என்னத்துக்கு?”

“சனிக்கிழமை சூட்டுக் கிளப்பில கடைசிப் போட்டி. பழக வேணும்.”

“துவக்குக்குப் பயந்துதானே ஊரைவிட்டு ஓடிவந்தனீர்?”

“ஓம். அங்க அது என்ர நெஞ்சுக்கு நேர நிண்டது. இஞ்ச நான் பிடிச்சு, வட்டம் போட்ட கடதாசியில சுடுறன். பறிக்கிறதெண்டால் பறிக்கட்டும். போட்டியில வெண்டுபோட்டுத்தான் குடுப்பன்.”

கணவர் எழுந்தார். மணியை அடித்தார்.

“இறங்குவம். கடையில வரிசை நீளமாயிருக்கும்.”