சூளை வாசலில் இரண்டு செங்கல்

அன்புள்ள ரூத் அம்மாவுக்கு அமுதவல்லி எழுதிக்கொண்டது.

அன்று யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதிலிருந்து ஆரம்பித்தால் எனக்குக் கோர்வையாக வரும். தட்டாஞ்சாவடி பட்டறையில், ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் நீங்கள். உங்கள் பேச்சைத் தமிழில் சொன்ன சத்யப்பிரியா, கவிழ்த்த வாளிமேல். விறகு போடும் இராமதாஸ் மண் மூட்டைமேல். நான் சூளை வாசலுக்கு நேரே தரையில். உங்கள் அக்கா மார்னி அம்மாவை அடக்கம் செய்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அவருடைய முக்காலியில் யாரும் உட்காரவில்லை.

"கடைசி வருஷங்களில் அக்கா சந்தோஷமாக இருந்தாளா?" என்று கேட்டீர்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பாதிப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மீதியை எழுதுகிறேன்.

அவர் யாரிடமும் மண்பாண்டத் தொழில் கற்கவில்லை. உங்கள் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், குட்டை மண்ணைத் தோண்டி, இரும்புப் பீப்பாயில் சுட்டுச் சுட்டுத் தானே கற்றுக்கொண்டு, பிறகு இங்கே வந்து பட்டறை போட்டார். கேட்க வாத்தியார் இல்லாதவர்களுக்கு ஒரு குணம் உண்டு. எது உடைந்தாலும் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்படுவார்கள்.

சேதராப்பட்டு கம்பெனியில் ஒன்பது வருஷம் அட்டைப்பெட்டி ஒட்டினேன். அங்கே எனக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். பட்டறைக்கு வேலைக்கு வந்தபின் மார்னி அம்மா அமுதா என்று கூப்பிட்டார். தான் குடிக்கும் முன் எனக்கு டீ ஊற்றினார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் டாக்டர் சொன்னார்: மண் தூசி நுரையீரலில் படிந்திருக்கிறது, மண்ணை விட்டுவிட்டு ஊருக்குப் போனால் இன்னும் பல வருஷம் இருப்பார். அன்று மாலையே அம்மா என்னிடம் சொன்னார்.

"அமுதா, அந்தப் பெரிய ஜாடி ஒண்ணு முழுசா வரட்டும். அப்புறம் நான் ஊருக்குப் போறேன்."

இடுப்பு உயர ஜாடி. அதற்குமுன் யார் செய்தும் அவர் பார்த்ததில்லை.

சூளை அணைந்தபின் மூன்று நாள் வாசலை அடைத்திருக்கும் செங்கலைத் தொடக் கூடாது. குளிர்ந்த காற்று பட்டால் ஜாடியில் கீறல் விழும். அந்த மூன்று நாளும் அவருக்குப் பட்டறையில் இருப்புக் கொள்ளாது. நோணாங்குப்பம் போய், படகுத் துறையில் உட்கார்ந்துவிடுவார். காவலுக்கு நான்.

"என்னாக்கா, சூளையக் கட்டிக்கினே கெடக்கற? புள்ள பெத்தவகூட இப்டி காக்கமாட்டா," என்பான் இராமதாஸ்.

"உன் வேலையப் பாருடா," என்பேன்.

அவன் சாப்பிடப் போனதும் வாசலில் இரண்டு செங்கலை உருவுவேன். ஒரு டீ குடிக்கும் நேரம். பிறகு திரும்ப வைத்துச் சேறு பூசுவேன். வேறெதுவும் செய்ததில்லை.

கீறல் மயிரிழைபோல்தான் இருக்கும். அம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம கை சரியில்ல, அமுதா," என்பார். உடனே நோட்டில் எழுதுவார். மண்ணை மாற்றினார். அடியின் கனத்தைக் குறைத்தார். சவுக்கு விறகை விட்டு முந்திரி விறகுக்கு மாறினார். என்னை மட்டும் மாற்றவில்லை. ஒவ்வொரு ஜாடிக்கும் புதிதாக மண் இடித்தார், சலித்தார், இருமினார். மூக்கில் துணி கட்டிவிடுவது நான்தான். அதில் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

பதினோராவது ஜாடி சூளையில் இருந்தபோது அவரால் நோணாங்குப்பம் போக முடியவில்லை. படுத்த படுக்கை. நீங்கள் எடுத்து அனுப்பிய விமான டிக்கெட் தலையணைக்கடியில் இருந்தது. அன்றும் இரண்டு செங்கல்தான் எடுத்தேன். நானும் இராமதாசும் ஜாடியைத் தூக்கிப்போய்க் கட்டிலருகே வைத்தோம். கீறலை விரலால் தடவிப் பார்த்தார்.

"டிக்கெட் வேணாம்னு ரூத்துக்குச் சொல்லு."

பிறகு ஐந்து வாரம் இருந்தார். நான்தான் குளிப்பாட்டினேன், ஊட்டினேன். ஒருநாள் என் கையைப் பிடித்து, "உனக்கு ரொம்பக் கஷ்டம் குடுக்கறேன்," என்றார். இல்லவே இல்லை என்றேன். அது சத்தியம்.

பதினோரு ஜாடியும் பட்டறையில் வரிசையாக நிற்கின்றன. மத்தியானத்தில் சத்தம் போடும். நகத்தால் சுண்டியதுபோல் ஒன்று. கொஞ்சம் கழித்து இன்னொன்று. மேல்பூச்சு சுருங்குகிற சத்தம், வருஷக்கணக்கில் கேட்கும் என்று அம்மாவே சொல்லியிருக்கிறார். இராமதாஸ் இப்போது உள்ளே சாப்பிட உட்காருவதில்லை. எனக்குப் பயமில்லை. எது கூப்பிட்டது என்று குரலை வைத்தே சொல்லிவிடுவேன். "தோ வந்துட்டேம்மா," என்பேன். அடங்கிவிடும்.

டாக்டர் சொன்னதை வைத்துப் பார்த்தால் அவர் உயிரை எடுத்தது நான்தான். இதை மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல. சந்தோஷமாகத்தான் இருந்தார் ரூத் அம்மா. என்னோடுதானே இருந்தார்.

சத்யப்பிரியாவிடம் கொடுத்தால் இங்கிலீஷில் எழுதித் தருவாள். எனக்கு மனம் வரவில்லை. அங்கே தமிழ் படித்தவர் யாராவது கிடைப்பார்கள். நிதானமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். போன தடவை மூன்றே நாளில் கிளம்பிவிட்டீர்கள். ஊரில் உங்கள் வீட்டில் நீங்களும் தனிதான் என்று சத்யப்பிரியா சொன்னாள். அக்காவின் அறை காலியாக இருக்கிறது, வந்துவிடுங்கள். உங்களையும் நான் நன்றாகப் பார்த்துக்கொள்வேன்.

உறையில் முகவரி எழுதிவிட்டேன். இதை மடித்து ஒட்டி, தபால் ஆபீஸ் மூடுவதற்குள் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து, உங்களுக்குக் கட்டில் போடுகிறேன்.