கிணற்றுக்கு அக்கரையில் கேட்ட கொலை

என் பெயர் மதலைமேரி. வயது பதினாறு. தகப்பனார் சவுரியப்பன். சேலம் ஜில்லா, தர்மபுரி தாலுகா, இண்டூரில் குடியிருக்கிறோம். விவசாயம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டேன். 1939-ம் வருஷம் ஜனவரி மாதம் 3-ம் தேதி தர்மபுரி சப்-மாஜிஸ்திரேட் அவர்கள் முன்பு இதைச் சொல்கிறேன்.

என் அக்காள் லூர்துமேரி சென்னையில் பி.எல். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருந்தாள். லீவு முடிந்ததும் அவர்கள் காலேஜில் ஒரு கொலை வழக்கைப் பொய்யாக நடத்திப் பழகுவார்கள் என்றும், சர்க்கார் தரப்பில் தான் பேசப்போவதாகவும், அவள் வகுப்பில் அப்படி எழுந்து பேசப்போகும் முதல் பெண் தான்தான் என்றும் சொன்னாள். அதைக் கேட்டது முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நேற்றுக் காலை எங்கள் காட்டில் கேழ்வரகுக் கதிர் அறுத்தோம். வத்தல்மலையிலிருந்து வருஷா வருஷம் அறுப்புக்கு வரும் பொன்னன் என்பவரும் அறுத்தார். அரிவாள் பட்டு அவர் விரலில் ரத்தம் வந்தது. அதன் பிறகு அவர் கூலித் தானியத்தை வாங்கிக்கொண்டு உச்சிப்பொழுதில் மலைக்குப் புறப்பட்டார். அந்த அரிவாளை நான் கழுவவில்லை.

அதன் பிறகு அக்காள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், தான் வக்கீலாகவும் நான் கொலை செய்தவளாகவும் பேசிப் பழகலாம் என்றாள். அவள் புத்தகத்தில் எல்லாக் கொலையும் ஏ என்பவன் இசட் என்பவனைச் செய்வதாகவே இருக்கிறது. எனக்கு அது வாயில் வரவில்லை.

"ஏ, இசட்டுன்னா மூஞ்சியே தெரியலக்கா. ஒரு ஆளாச் சொல்லு" என்றேன்.

"சரி, பொன்னண்ணன்னு வெச்சுக்க. அவருதான் கோவிச்சுக்க மாட்டாரு. ஆனா உன் பேச்சு உன் மூக்கையே தாண்ட மாட்டேங்குதே, ஜட்ஜுக்கு எப்படிடீ கேக்கும்?" என்று சொல்லி, கிணற்றைச் சுற்றி அக்கரைக்குப் போய் நின்றுகொண்டாள். அங்கே கேட்கும்படி பேசச் சொல்லி, பொன்னனை வெட்டியது யார் என்று கேட்டாள். நான் வெளியாட்கள் முன்னால் வாய் திறக்காதவள். ஆனால் அங்கே அக்காளும் கிணறும்தான் இருந்தன. காட்டிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த அந்த அரிவாளை உயரப் பிடித்துக்கொண்டு, "ஆமாங்க, பொன்னன நான்தான் வெட்டினேன், வரப்புலயே போட்டேன்" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. அக்காள் கை தட்டி, "இன்னொருக்கா சொல்லுடீ, நல்லா இருக்குது" என்றாள். முன்னிலும் உரக்கச் சொன்னேன்.

அப்போது பாதையில் தலையாரி பச்சியப்பன் நின்றிருந்தார். "அம்மணி, அந்த அருவாளக் கீழ வைங்க" என்று சொல்லிக்கொண்டே பின்வாங்கி நடந்தார். அக்காள் ஓடிவந்து, "இது படிப்புங்க, தலையாரி. பி.எல். படிப்பு" என்றாள்.

"கொல பண்றதுக்குமா பட்டணத்துல படிக்க வெக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டு, அரிவாளில் இருந்த ரத்தத்தைப் பார்த்ததும் நேரே கிராம முன்சீப் வீட்டுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு போலீசார் வந்து எங்களை விசாரித்தார்கள். பொன்னனைப் பார்த்துவர ஆள் அனுப்பியிருக்கிறார்கள். மலை ஏறிப் போனவர்கள் இன்னும் இறங்கவில்லை. அவர்கள் வரும்வரை இங்கே வாக்குமூலம் கொடுக்க வருவதைத் தவிர நாங்கள் இருவரும் ஊரை விட்டுப் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

இன்று மாலை மொரப்பூரில் ரயில் ஏறினால்தான் நாளைக் காலை அக்காள் காலேஜில் நிற்க முடியும். தவறினால் அவள் இடத்தில் வேறொருவர் பேசுவார். எனக்குப் போகவேண்டிய ஊர் எதுவும் இல்லை. வெட்டினேன் என்று சொன்னது என் வாய். அரிவாள் இருந்தது என் கையில். அவள் கேள்விதான் கேட்டாள். ஆகையால் பொன்னன் வரும்வரை யாரையாவது நிறுத்தி வைக்க வேண்டுமானால் என்னை நிறுத்தி வைத்துக்கொண்டு, அக்காளை ரயிலுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளவை நான் செய்ததும் பேசியதும் கண்டதுமே. படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. கைநாட்டு வேண்டாம், எழுதத் தெரியும்.

ச. மதலைமேரி