ஜீனத் மேடத்துக்கு, எட்டாம் வார எடையைத் திருத்திய கையோடு

கிளைத்து வளரும் பாலிமரைக் கருத்தோடு காய்ச்சிய கைகளுக்குரியவரே! கரையும் பொருளைக் கரையாத பொறுமையால் கண்காணித்தவரே! கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு முப்பத்தோர் ஆண்டுகள் பேருந்தில் வந்தும், வாடிய முகத்தோடு ஒருநாளும் ஆய்வுக்கூடத்தில் நுழையாதவரே! எங்கள் மூத்த வேதியியலாளர் ஜீனத் மேடம் அவர்களே!

வண்டிகளுக்குப் பூசும் பெயின்ட்டின் பிசினைச் சோதிக்க வந்தவர் நீங்கள். கடைசி ஏழு ஆண்டுகளை நான்கு கிளை கொண்ட ஒரு பாலிமருக்குக் கொடுத்தீர்கள். அதில் செய்த சிறு திருகு, முறிந்த எலும்பைப் பன்னிரண்டு வாரம் பிடித்திருந்து, பிறகு உடம்பிலேயே கரைய வேண்டும்.

அதைச் சோதிப்பது எங்கள் வேலை. துண்டுகளை உடல் சூட்டில் உப்புக்கரைசலில் ஊறவைத்து, வாரந்தோறும் சிலவற்றை எடுத்துக் கழுவி, காயவைத்து, எடை பார்ப்போம். எட்டாம் வாரத் துண்டுகளைச் சரியாகக் கழுவாதவள், இதை எழுதும் வினோதாதான். ஒட்டியிருந்த உப்பும் எடையில் சேர்ந்தது. நூற்றில் இரண்டு பங்கு கரைந்ததாக எழுதினேன். எல்லோரும் மகிழ்ந்தார்கள். நீங்கள் மட்டும் அந்தத் துண்டுகளை மறுபடி கழுவிக் காயவைத்து, நேற்று முன்தினம் தராசில் வைத்தீர்கள். கரைந்தது பதினொன்று.

“ஏம்மா வினோதா, டெஸ்ட் பண்றியா, ஊறுகா போடறியா?”

அறையே சிரித்தது. அடுத்த நிமிடம் யாரும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை அந்தத் திருகுகள் பெங்களூருக்குப் போகின்றன. சோதனைக்காகப் பன்னிரண்டு ஆடுகளின் காலெலும்பில் பொருத்த. இந்த வேகத்தில் கரைந்தால், எலும்பு கூடுமுன் திருகு விட்டுப்போகும்.

மேலாளர் வெங்கட் சார் சொன்னார்: “நீங்க ரிடையராக இன்னும் ரெண்டு நாள்தான் மேடம். கேக் வெட்டிட்டு நிம்மதியா போங்க. இப்பப் போயி நம்பர மாத்தணுமா?”

“ஆட்டுக்குக் கால் ஒடஞ்சா அது வந்து ஒங்ககிட்ட சொல்லாது வெங்கட். ஏழு வருசம் நான் செஞ்ச பொருளு. பொய்யா பாஸாவுறதுக்குப் பதிலாத் தோத்தே போவட்டும்.”

இன்று மாலையோடு உங்கள் கையெழுத்துக்கு இங்கே அதிகாரமில்லை. நீங்கள் போனதும் அந்த எண் பழையபடி இரண்டாகிவிடுமோ என்று பயந்தேன். கேட்டுப்பார்த்தேன், எல்லோருக்கும் அதே பயம்தான்.

அதனால் திருத்திய தாளில் நாங்கள் ஆறு பேரும் கையெழுத்திட்டு, திருகுகளை அனுப்பக் கூடாது என்றும் எழுதி, வெங்கட் சாரின் மேசையில் வைத்துவிட்டுத்தான் இந்த வழியனுப்பு விழா அரங்குக்கு வந்தோம்.

மேடம், உடல்நலத்தோடும் உள்ள நிறைவோடும் நெடுநாள் வாழுங்கள். இந்தப் பொருள் உண்மையாகவே தேறும் நாளில் முதல் செய்தி உங்களுக்குத்தான் வரும். அந்தத் தாளை வெங்கட் சார் இன்னும் பார்க்கவில்லை. இதோ, நான் இதைப் படிப்பதை இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடனும் அச்சத்துடனும்,
வினோதா, பூங்கொடி, தானிஷ், நாராயணப்பன், மோகன்குமார், காவேரி
பாலிமர் ஆய்வுக்கூடம், ஓசூர்