எட்டாவது பாட்டு, மூன்றாவது டேக்

ஒலிப்பதிவு நடக்கும்போது நான் ஏசி போட விடுவதில்லை. அதன் இரைச்சல் மைக்கில் விழும். மெம்ஃபிஸ் நகரத்து ஜூலையில் இது கொடுமைதான் என்று எல்லோரும் முணுமுணுப்பார்கள். பிறகு பாட்டைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். உங்கள் போலீஸ் ஆட்கள் அந்த வெக்கையைப் பற்றி ஏதோ துப்புக் கிடைத்ததுபோல எழுதிக்கொண்டார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முப்பது வருஷமாகப் பாடகி எர்னஸ்டீனின் எல்லா ஆல்பங்களுக்கும் நான்தான் ஒலிப்பதிவாளன். இந்த ஆல்பம் அவளே ஆசைப்பட்டது. சின்ன வயதில் ரேடியோவில் கேட்டு ஆடிய பழைய ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுகள் பத்து. அவற்றை நிதானமாக்கி, ஆட்டத்துக்கு அடியில் கிடக்கும் வலி தெரியும்படி பாடவேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அவளிடம் வலி இல்லை. அந்த வசந்தத்தில்தான் வெண்டல் என்ற தபால்காரரைக் கல்யாணம் செய்திருந்தாள். அறுபத்தோரு வயதில் சிரித்துக்கொண்டே பாடினாள். நான் குறை சொன்னேன்.

"அழுதாத்தான் ஒனக்குப் பாட்டா, கிளைட்? நான் சந்தோஷமா இருக்கேன்டா. அதையும் கொஞ்சம் பதிவு பண்ணு," என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அருமையான பாட்டுகளை வீணடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பாட்டைப் பதிவு செய்த அன்று இன்ஹேலரைக் காரில் மறந்து வைத்துவிட்டாள். அவளுக்கு ஆஸ்துமா. கடைசி அடியில் மூச்சுப் பற்றாமல் குரல் உடைந்து தொண்டையில் சிக்கியது. ஆர்கன் வாசிக்கும் ஹோரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் காருக்கு ஓடினாள். நான் அந்த டேக்கை, அந்த ஒருமுறைப் பதிவை, பதினோரு முறை போட்டுக் கேட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது சின்ன விஷயம். அவள் கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துப் பியானோவுக்கு அடியில் வைப்பேன். டேக் முடிந்ததும் தேடி எடுத்துக் கொடுப்பேன். ஒவ்வொரு முறையும் எனக்கு நன்றி சொன்னாள். நான்கு பாட்டுகள் அப்படி வந்தவை. இதுவரை பதிவானதில் எது உசத்தி என்று ஸ்டுடியோவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அந்த நான்கைத்தான் சொல்வார்கள்.

அவள் எல்லோரையும் சந்தேகப்பட ஆரம்பித்தாள். முதலில் கூட்டிப் பெருக்க வரும் பெண்ணை. அவளை வேலையை விட்டே அனுப்ப வைத்தாள். அப்புறம் ஹோரேஸை. கடைசியில் தன்னையே. தன் அக்காவுக்கும் இப்படித்தான் மறதியில் தொடங்கியது, முடிவில் தங்கையையே அடையாளம் தெரியாமல் போனது என்று சொல்லி அழுதாள். மூளையைப் பரிசோதிக்க டாக்டரிடம் போனாள். நான்தான் காரில் கூட்டிப்போனேன்.

எட்டாவது பாட்டன்று இன்ஹேலரைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். மைக்கைச் சரிசெய்ய நான் பக்கத்தில் போனபோது, அதைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். என்மேலும் சந்தேகம் வந்துவிட்டது என்று புரிந்தது. முப்பது வருஷப் பழக்கத்துக்குப் பிறகு அப்படிப் பார்த்தால் யாருக்கும் மனசு வலிக்கும்.

ஆனால் எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சத்தம் போடக்கூடிய எதையும் மைக் முன்னால் அணியக்கூடாது. வளையல், வாட்ச், சாவி எல்லாம் கழற்றியாக வேண்டும். இரண்டாவது டேக்கில் இன்ஹேலர் சட்டைப் பொத்தானில் தட்டி 'டிக்' என்றது. ஸ்பீக்கரில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். அவளால் மறுக்க முடியவில்லை. கழற்றினாள்.

"இத கையிலயே வச்சிரு, கிளைட். நான் கையத் தூக்கினா ஒடனே வரணும்."

சரி என்றேன். நான் எடுக்கவில்லை, அவளாகவே கொடுத்தாள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது டேக். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் என் அறையில் இருந்தேன். பாதிப் பாட்டில் ஒரு கையைத் தூக்கினாள். அப்புறம் இரண்டு கையையும். உடம்பு நடுங்கியது, முழங்கால் மடங்கிச் சரிந்தாள். ஏன் வாசிப்பை நிறுத்தவில்லை என்று வாத்தியக்காரர்களைக் கேட்டீர்கள். அவர்கள் அழுகிறார்கள். நான் சொல்கிறேன். அவர்கள் எல்லோரும் தேவாலயத்தில் வாசித்து வளர்ந்தவர்கள். பாடும்போது ஒருவர் கையைத் தூக்கி நடுங்கி விழுந்தால் அங்கே இசையை நிறுத்தமாட்டார்கள். அவர் எழுந்திருக்கும்வரை வாசிப்புதான் அவரைத் தாங்கவேண்டும். ஹோரேஸ் கண்ணை மூடிக்கொண்டு, "பரிசுத்த ஆவியானவர் எறங்கிட்டார். விடாம வாசிங்க," என்றான். நானும் அதே சபையில் வளர்ந்தவன். நிறுத்தமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

உள்ளே இருப்பவர்களோடு பேசும் பொத்தான் என் விரலுக்கடியில் இருந்தது. இன்ஹேலர் இடது கையில். நான் பொத்தானை அழுத்தவில்லை. குரல் மெலிந்துகொண்டே போனதால் அவள் மைக்கின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். அப்படி நான்கு நிமிஷம். ஹோரேஸ் கண்ணைத் திறந்தபோது உயிர் போயிருந்தது.

தரையில் கிடந்தபடி கண்ணாடி வழியாக அவள் என்னைப் பார்த்தாள். மருந்துக்குக் கெஞ்சினாள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு டேக்கின் முடிவிலும் அந்தக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், எப்படி வந்திருக்கிறது என்று. அதனால் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.