நியூயார்க்கில் சாகப்போகிறவள்

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறிய பட்டுப்புடவை அம்மாள், உடன் வந்த தோழியிடம் பூரிப்பாகச் சொன்னார்.

"இன்னிக்கு என் பொண்ணு நியூயார்க்ல சாகப்போறா."

எதிர் இருக்கையில் நான் போனை மடியில் கவிழ்த்தேன்.

"நல்ல வார்த்தை சொல்லுங்க அக்கா" என்றார் தோழி.

"ஓபராலதான்டி. இத்தாலிக்காரங்க சோகக் கதை. ஹீரோயின் கடைசில செத்துதான் ஆகணும்."

"பாட்டெல்லாம் இத்தாலியன்லயா?"

"ஆமா. அந்தக் காலத்துல இங்க இங்கிலீஷ்லகூட பாடியிருக்காங்களாம். நூறு வருஷத்துக்கு மேல இந்த நாட்டுல ஊர் ஊரா போடறாங்க. எத்தனையோ பேர் செத்திருக்காங்க. எனக்குத் தெரிஞ்சு, நம்ம தமிழ்ப் பொண்ணு சாகறது இவதான் ஃபர்ஸ்ட்."

"மடியில என்ன டப்பா?"

"உப்பு, மிளகாய். ஷோ முடிஞ்சதும் கிரீன் ரூம்ல அவளுக்குச் சுத்திடுவேன். அங்க எரிச்சா ஃபயர் அலாரம் அடிக்கும். வீட்டுக்கு வந்துதான் அடுப்புல போடணும்."

"செத்ததுக்கா அக்கா திருஷ்டி?"

"டல்லாஸ்ல இவ செத்ததும் மொத்த ஹாலும் எழுந்து நின்னு கைதட்டுச்சு. மறுநாளே தொண்டை கட்டிக்கிச்சு."

டப்பா மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

"அவ்வளவு நல்லா சாகறாடி."