மாவு அண்ணனின் கடைசி ஃபில்டர்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் பட்டறையின் முதலாளி அம்மா அவர்களே, பந்தயக் குழுவின் மேலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, வேலை உடுப்போடு அப்படியே வந்து நிற்கும் என் தோழர்களே! இங்கே கியர்பாக்ஸ் வேலை பார்க்கிறவனின் கனத்த வணக்கம். எனக்கு மேடைப் பேச்சு வராது. வாய் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலி போடுவதற்காகப் பட்டறையிலிருந்த கார்களை எல்லாம் வெளியே தள்ளிவிட்டோம். ஒரே ஒரு கார் மட்டும் உள்ளேயே நிற்கிறது, எனக்குப் பின்னால், துணி போர்த்தி. அதைத் தள்ள யாருக்கும் மனம் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் எழுந்து வந்தேன்.

இன்ஜின் பிரிவின் தலைவர், பந்தயக் கார்களின் உயிரைக் கையில் வைத்திருந்தவர், நம் மாவு அண்ணன் போய்விட்டார். அவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? மற்றவர்களின் கருவிப் பெட்டியில் ஸ்பேனர் இருக்கும். அவர் பெட்டியில் ஸ்பேனரோடு ஒரு டப்பா கோதுமை மாவும் இருக்கும். வீட்டில் அண்ணி பிசைந்து கொடுத்த மாவு. புதிதாக வருகிறவர்கள் மதியச் சாப்பாடு என்று நினைத்துக்கொள்வார்கள். நாமும் சொல்லித் தொலைக்க மாட்டோம்.

அந்த மாவு எதற்கு? ஆயில் ஃபில்டருக்கு! இன்ஜினின் சக்தியைக் கூட்டிவிட்டால் உடனே எல்லோரும் பெரிய ஃபில்டரைத் தேடுவார்கள். மரை பொருந்துகிறது, கையால் திருகினால் ஏறுகிறது, வேறென்ன வேண்டும் என்பார்கள். அண்ணன் அப்படி விடுவாரா? ரப்பர் வளையம் முழுதாக உட்காருகிறதா, ஆயிலின் அழுத்தம் கூடினால் திறக்கிற வால்வு இந்த இன்ஜினுக்கு ஏற்றதா என்று பார்ப்பார். அதெல்லாம் சரியாக இருந்தாலும் கடைசியில் ஃபில்டரின் அடியில் ஒரு மாவு உருண்டையை ஒட்டுவார். பிரேக்கை மிதித்தபடி ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் ஒரு பக்கமாகச் சாயுமே, அப்போது ஃபில்டர் பக்கத்துப் பாகங்களில் இடித்து மாவு எவ்வளவு நசுங்குகிறது என்று குனிந்து பார்ப்பார். மாவு தப்பித்தால் கார் வெளியே போகும். இல்லையென்றால் முதலாளி அம்மாவே வந்து கேட்டாலும் போகாது. அம்மா தலையாட்டுகிறார், பாருங்கள்.

அந்தச் சோதனையில் குனிந்து பார்ப்பது அண்ணன். மிதிப்பது யார்? அவருடைய உடன்பிறந்த தம்பி, நம் குழுவின் ஓட்டுநர். அதோ, கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றிப் பேசாமல் அண்ணனைப் பற்றிப் பேச முடியாது. தம்பி, என்னை மன்னித்துக்கொள்.

போன வருடத்தின் கடைசிப் பந்தயம் உங்களுக்கு நினைவிருக்கும். ஜெயித்தால் கோப்பை நமக்கு. சின்ன ஃபில்டர் இந்த இன்ஜினுக்குப் பத்தாது, வேகம் ஏறும்போது வடிகட்டாத ஆயில் பேரிங்குக்குப் போய்விடும் என்றார் தம்பி. அதில் தப்பே இல்லை. நீளமான ஃபில்டரைப் போட்டார்கள், மாவை ஒட்டினார்கள், தம்பி மிதித்தார். அண்ணன் கழற்றிக் காட்டியபோது மாவு பிளந்து உள்ளிருந்த தகரம் பளபளவென்று தெரிந்தது. ஸ்டீயரிங் தண்டு இடித்திருந்தது. ஓடும்போது ஃபில்டர் கிழிந்தால் ஆயில் கொட்டும், இன்ஜின் இறுகும், அந்த வேகத்தில் சக்கரம் நின்றால் ஆள் மிஞ்சுவானா?

“வண்டி வெளியே போகாது” என்றார் அண்ணன். அவ்வளவுதான். கோப்பை கைவிட்டுப் போயிற்று. அண்ணனுக்குப் பொறாமை என்று சொல்லிவிட்டுத் தம்பி சாவியை வீசிவிட்டுப் போனார். பிறகு இருவரும் பேசவில்லை.

தோழர்களே, அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? மற்ற வேலைகள் முடிந்த பிறகு, எனக்குப் பின்னால் நிற்கிற இந்தக் காரின் அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். ஃபில்டரை இன்ஜினிலிருந்தே பிரித்து, முன்பக்கம் சட்டத்தில் தனியாக ஓர் இடம் செய்து, இரண்டு குழாய்கள் இழுத்து அங்கே பொருத்தினார். இப்போது அதில் தம்பி கேட்ட பெரிய ஃபில்டர் இருக்கிறது. இன்ஜின் சாயும்போது குழாயோ ஃபில்டரோ எதிலாவது இடிக்கிறதா என்ற மாவுச் சோதனை மட்டும்தான் பாக்கி. நான் மிதிக்கட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம். அவன் வண்டியில அவன்தான் மிதிக்கணும். நாளைக்குக் கூப்பிடுறேன்” என்றார்.

மறுநாள் அவர் எழுந்திருக்கவில்லை. அண்ணே, அன்றைக்கே ஒரு போன் போட்டிருந்தால் குறைந்தா போயிருப்பீர்கள்? எனக்கு உங்கள் மேல் கோபம் ஆறவில்லை. அழுகையும் நிற்கவில்லை.

அவருக்குச் சிலை வைக்க நமக்கு வசதி இல்லை. மாவு வைக்காமல் ஒரு காரும் இந்தக் கதவைத் தாண்டாது என்று இங்கே நிற்கிற அத்தனை பேர் சார்பிலும் உறுதி சொல்கிறேன்.

கடைசியாக உன்னிடம்தான் தம்பி. அண்ணி நாளைக் காலையில் மாவு பிசைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். நீ வந்து உட்கார், மிதி. உன் அண்ணன் குனிந்த இடத்தில் நான் குனிந்து பார்க்கிறேன். மாவு தப்பித்தால் கார் உன்னுடையது, எடுத்துக்கொண்டு போ. நசுங்கியிருந்தால் அவர் சொன்னதைத்தான் நானும் சொல்வேன், வண்டி வெளியே போகாது. இந்த முறை கோபித்துக்கொண்டு போய்விடாதேப்பா. இருந்து, என்னோடு சேர்ந்து அதைச் சரிபண்ணு.